ஐப்பசி வந்தாச்சு, பறவைகளும் வந்தாச்சு: புதுக்கோட்டை கண்மாய்களில் கணக்கெடுக்க நீங்களும் போகலாம்... எப்படி?

அக்டோபர் மாதத்து அதிகாலை. வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால், திண்ணையோரம் ஒரு குருவி ஒடுங்கிக் கிடக்கிறது. முதுகு பச்சை, வயிறு வெளிர் மஞ்சள், வாலடி சிவப்பு, இறக்கையில் பளிச்சென்று நீலம், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. "கிளியா இது? யாரோ வளர்த்தது தப்பிச்சு வந்திருக்கும்" என்று வீடே கூடிவிடும். ஒருவர் வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றப் போவார். இன்னொருவர் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார். தெருப்பூனை தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் வருஷா வருஷம் இதே மாதத்தில் நடக்கிற காட்சி இது. அந்தக் குருவியின் பெயர் ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். விடியற்காலையிலும் அந்தி சாயும்போதும் விசில் மாதிரி குரல் கொடுப்பதால் இந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்காலம் முடியும் நேரத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இரவில் பறக்கும். விடியும்போது களைத்துப்போய்க் கிடைத்த இடத்தில் இறங்கும். சில நேரம் கண்ணாடி ஜன்னலில் மோதி விழும். அப்படித்தான் உங்கள் வாசலுக்கு வருகிறது.

அதற்கு என்ன செய்வது? காற்றுப் போகத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், அடியில் துணி விரித்து வைத்து, இருட்டான சத்தமில்லாத அறையில் விட்டுவிட வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறும் பிஸ்கட்டும் வேண்டாம், அது பூச்சி தின்கிற குருவி. சில மணி நேரத்தில் தெளிந்து நிற்க ஆரம்பித்தால், காக்கைகள் அடங்கும் நேரம் பார்த்துப் புதர் உள்ள இடத்தில் திறந்துவிடலாம். இறக்கை தொங்கினாலோ ரத்தம் தெரிந்தாலோ வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் ராத்திரியானாலும் போனில் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பறவை ஆர்வலர்கள்தான். ஊருக்கு ஊர் இப்படி ஒரு சின்னக் கூட்டம் இருக்கும். பள்ளி ஆசிரியர், கல்லூரி மாணவர்கள், கேமரா பைத்தியம் பிடித்த ஒருவர், ஓய்வுபெற்ற ஒருவர் எனப் பத்துப் பதினைந்து பேர். அலுவலகம் கிடையாது, போர்டு கிடையாது, ஒரு வாட்ஸ்அப் குழு மட்டும் இருக்கும். செப்டம்பர் முதல் ஜனவரி வரை அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதே கண்மாய்க்கரைதான். அங்கே அப்படி என்ன செய்கிறார்கள், அதில் மற்றவர்கள் எப்படிச் சேரலாம், புதுக்கோட்டை மாதிரி ஒரு மாவட்டத்துக்கு அது ஏன் தேவை?

இலையுதிர் காலம் நமக்கு ஏது?

நமக்கு இலையுதிர் காலம் கிடையாது, ஐப்பசி அடைமழைதான் உண்டு. ஆனால் வடக்கே, சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும், அந்தக் காலத்தில் குளிர் இறங்கும். நீர்நிலைகள் உறையும், பூச்சிகள் அற்றுப்போகும். குளிரைவிடப் பசிதான் பறவைகளைக் கிளப்பிவிடுகிறது. ஆர்க்டிக் கரையிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை நீளும் இந்த வான்பாதைக்கு மத்திய ஆசியப் பறவைப் பாதை என்று பெயர். 30 நாடுகளின் வழியாகப் போகும் அந்தப் பாதையின் தென்கோடி ஓரத்தில்தான் மணமேல்குடியும் மீமிசலும் இருக்கின்றன.

எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. உள்ளான் வகைகள் முந்திக்கொள்ளும், ஆகஸ்ட் கடைசியிலேயே சேற்றோரம் அவற்றைப் பார்க்கலாம். கண்மாயில் அப்போது தண்ணீர் குறைவு, உள்வாயில் ஈரச் சேறு விரிந்து கிடக்கும். அந்தச் சேற்றில் புழு குத்தித் தின்னத்தான் கொசு உள்ளானும் உப்புக்கொத்தியும் அவ்வளவு தூரம் வருகின்றன. "தண்ணியே இல்லாத கண்மாயில என்ன பறவை" என்று நினைப்பது தப்பு. செப்டம்பர், அக்டோபரில் மின்கம்பியில் வரிசையாகத் தகைவிலான்கள் உட்கார்ந்திருக்கும். முள்மரத்து உச்சியில் பழுப்புக் கீச்சான் வந்து உட்காரும். போன வருஷம் பார்த்த அதே இடத்துக்கு இந்த வருஷமும் திரும்பி வரும் பழக்கம் அதற்கு உண்டு. மழை பெய்து கண்மாய் நிறைந்த பிறகுதான் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்ற வாத்துகள் இறங்கும். சோளக்குருவிக் கூட்டம் சாயங்கால வானத்தில் புகை மாதிரி சுருண்டு திரும்புவதும் இந்த மாதங்களில்தான்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விட்ட பாட்டில், அந்த நாரை தெற்கே குமரிக்குப் போய்விட்டு வடக்கே திரும்புவதாகத்தான் வருகிறது. வலசை என்ற சொல்லையும் நாம் கடன் வாங்கவில்லை.

எல்லாக் கொக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து வருவதில்லை

கண்மாயில் வெள்ளையாகப் பத்துப் பறவை தெரிந்துவிட்டால் போதும், 'வெளிநாட்டுப் பறவைகள் குவிந்தன' என்று தலைப்புப் போட்டுவிடுவார்கள். டிவி செய்திகளும் இதில் சளைத்தவை அல்ல. சைபீரியா, ஆஸ்திரேலியா, நைஜீரியா என்று கையில் கிடைத்த நாட்டின் பெயரையெல்லாம் சேர்ப்பார்கள். உண்மையில் நத்தைக்குத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் இந்த நாட்டிலேயே இருப்பவை. தண்ணீரும் மீனும் இருக்கும் இடம் தேடி மாவட்டம் விட்டு மாவட்டம் போகும், மழைக்குப் பிறகு கண்மாய்க் கருவேல மரங்களில் கூடு கட்டும். அவ்வளவுதான்.

இந்த வேறுபாடு பெரிய விஷயமா என்றால், ஆமாம். விருந்தாளி என்று நினைத்தால் போகட்டும் என்று விட்டுவிடுவோம். இங்கேயே குஞ்சு பொரிக்கும் பறவை என்று தெரிந்தால், அது கூடு கட்டும் மரத்தை ஏலத்தில் விடுவதற்கு முன் ஒருமுறை யோசிப்போம். கண்மாயில் கருவேலத்தை வெட்டினால் அடுத்த வருஷம் கூடு கட்ட அங்கே இடம் இருக்காது. சீமைக்கருவேலத்தை அகற்றுகிறோம் என்று மொத்தமாக இயந்திரம் இறக்கும்போது நாட்டுக் கருவேலமும் சேர்ந்து போய்விடாமல் பார்த்துக்கொள்வது இந்தக் குழுக்கள் செய்யும் வேலைகளில் ஒன்று.

5,000 கண்மாய், 0 சரணாலயம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் உண்டு. காவிரி டெல்டா மாதிரி வற்றாத வாய்க்கால் கிடையாது. மேட்டுநிலத்து மழைநீரை வரத்துவாரி வழியாக ஒரு கண்மாயில் தேக்கி, அது நிறைந்ததும் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு விடும் சங்கிலி அமைப்புதான் இந்த மாவட்டத்தின் உயிர். நகரை ஒட்டிய கவிநாடு கண்மாய் அந்தச் சங்கிலியில் பெரியது. கிழக்கே சுமார் 40 கி.மீ. நீளத்துக்குப் பாக் நீரிணைக் கடற்கரை. முத்துக்குடாவில் அலையாத்திக் காடு. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கி.மீ. பரப்பை, நாட்டிலேயே முதல் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. வடகிழக்கே கொஞ்ச தூரத்தில், பறவை ஆய்வுக்கு உலகறிந்த கோடியக்கரை.

இவ்வளவு இருந்தும், பறவைகள் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்ட இடம் இந்த மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. சிவகங்கைக்கு வேட்டங்குடி, அரியலூருக்குக் கரைவெட்டி, திருவாரூருக்கு வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் உண்டு. சுற்றியிருக்கும் மாவட்டங்களைச் சொல்லிக்கொண்டே வந்தால் நடுவில் புதுக்கோட்டை காலியாக நிற்கிறது.

எல்லாக் கண்மாயையும் சரணாலயமாக அறிவிக்க முடியாது, அப்படி அறிவிக்கவும் வேண்டாம். மீன் குத்தகை, பாசனம், மாடு மேய்ச்சல், களிமண் என்று ஊர் வாழ்வதே அதை வைத்துத்தான். ஆனால் பட்டியல் இல்லாத கண்மாய்க்காக வாதாடவே முடியாது. கரையை உடைத்துச் சாலை போடும்போதோ, குப்பை கொட்டும் இடமாக ஊராட்சி அதைத் தேர்ந்தெடுக்கும்போதோ, "இங்கே இத்தனை வகைப் பறவை, இந்த மாதத்தில், இத்தனை எண்ணிக்கையில் வருது" என்று தேதியோடு காட்ட ஒரு தாள் வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் தண்ணீர் நிற்கும் பள்ளம். வரத்துவாரி பிரச்சினையிலும் இதே கதைதான். தைலமரத் தோட்டங்களில் போட்ட வரப்புகள் மழைநீரைக் கண்மாய்க்கு வரவிடாமல் தடுக்கின்றன என்று இந்த மாவட்ட விவசாயிகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். கண்மாய் வறண்டால் பறவை என்ன ஆகிறது என்பதையும் வருஷா வருஷம் யாராவது எழுதி வைத்திருந்தால், அந்த வாதத்துக்கு இன்னொரு கால் கிடைக்கும்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது ஆலங்குடி, கீரமங்கலம், கறம்பக்குடி பக்கம் தென்னையும் பலாவும் சாய்ந்ததை யாரும் மறக்கவில்லை. மரங்களை எண்ணினார்கள், நிவாரணம் கொடுத்தார்கள். மரத்தோடு போன பறவைகள் திரும்பி வந்தனவா என்று பார்க்க வேண்டுமானால், புயலுக்கு முந்தைய வருஷத்துக் கணக்கு ஊர் ஊராகக் கையில் இருக்க வேண்டும். அடுத்த புயலுக்கு முன்னாலாவது இருக்கட்டும் என்றுதான் ஆர்வலர்கள் நோட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

திருப்பூரில் என்ன நடந்தது?

பட்டியல் எழுதினால் எல்லாம் மாறிவிடுமா என்று கேட்பவர்களுக்குத் திருப்பூர் நஞ்சராயன் குளம் நல்ல பதில். பனியன் கம்பெனி நகரத்தின் ஓரத்தில், சாயக்கழிவுக்கும் சாக்கடைக்கும் நடுவே இருந்த குளம் அது. சுமார் 126 ஹெக்டேர். திருப்பூர் இயற்கை கழகத்தைச் சேர்ந்த உள்ளூர் ஆர்வலர்கள் வாரா வாரம் கரையில் நின்று, என்ன பறவை, எத்தனை என்று ஆண்டுக்கணக்கில் எழுதி வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். வலை போடுபவர்களைப் பற்றிப் புகார் சொன்னார்கள். அந்தப் பதிவுகள் சேரச் சேர, குளத்தை யாரும் ஒதுக்கித் தள்ள முடியாத நிலை வந்தது. 2022-ல் அது தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் இடம் பிடித்தது. அதாவது, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம்.

பட்டியல் மட்டும் போதாது, அரசின் முடிவும் தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் கோப்பு மேலே போகும்போது அதற்குள் வைக்க ஏதாவது இருக்க வேண்டுமே.

தெற்கே தாமிரபரணியில் இன்னொரு வழி. அங்கே 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் ஏட்ரீ அமைப்பின் மணிமுத்தாறு மையம் தன்னார்வலர்களைச் சேர்த்து, நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறது. கல்லூரி மாணவர்கள், வங்கி ஊழியர்கள், இல்லத்தரசிகள் என்று யார் வேண்டுமானாலும் வரலாம், முன்னதாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். சரணாலயம் என்ற பெயர்ப்பலகை இல்லாத பாசனக் குளங்களை இப்படித் தொடர்ந்து எண்ண முடியும் என்பதற்கு அது சான்று. கண்மாய் மாவட்டமான புதுக்கோட்டைக்கு நஞ்சராயனைவிட இந்த மாதிரிதான் அதிகம் பொருந்தும்.

எண்ணுவது எப்படி?

இதுதான் உண்மையான வேலை, நினைப்பதைவிடச் சுலபமும்கூட. இந்தப் பகுதியின் நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. அதனால் பெரும்பாலான கண்மாய்களுக்குக் கரை கிழக்குப் பக்கம் இருக்கும். காலையில் கரை மேல் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். நம் முன்னோர் பறவை பார்ப்பதற்காகக் கரை போடவில்லை, ஆனால் அப்படி வாய்த்துவிட்டது.

இருவராகப் போவது நல்லது. ஒருவர் பைனாகுலரில் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுதுவார். பைனாகுலரில் 8×42 என்று போட்டிருந்தால், 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மி.மீ. என்று அர்த்தம். தொடங்குபவர்களுக்கு அது போதும். 20 மடங்கு, 30 மடங்கு என்று கடைக்காரர் காட்டுவதை வாங்கினால் கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும். வாங்க வசதி இல்லையென்றாலும் பரவாயில்லை, குழுவில் இரண்டு மூன்று இருக்கும், மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

கூட்டமாக உட்கார்ந்திருப்பதை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த அளவு எத்தனை முறை வருகிறது என்று பார்த்தால் போதும். பெரிய கூட்டமென்றால் நூறு நூறாக. முதல் நாள் உங்கள் எண்ணும் பக்கத்தில் நிற்பவர் எண்ணும் ஒத்துப்போகாது. நாலைந்து வாரத்தில் நெருங்கிவிடும்.

இன்னொரு விதி, பார்த்த எல்லாவற்றையும் எழுத வேண்டும். "காக்கா, மைனா எல்லாமா எழுதணும்?" என்று புதிதாக வருகிற எல்லோரும் கேட்பார்கள். எழுதணும். அரிய பறவையை மட்டும் எழுதும் பட்டியல் படம் காட்டத்தான் உதவும். காக்கையையும் மடையானையும் தவிட்டுக்குருவியையும் விடாமல் எழுதினால்தான், பத்து வருஷம் கழித்து எது குறைந்தது என்று சொல்ல முடியும். எவ்வளவு நேரம் நின்றீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்பதும் கூடவே வேண்டும். பெயர் தெரியாததை ஊகித்து எழுதக் கூடாது. 'ஏதோ ஒரு உள்ளான், 30' என்று எழுதினாலே போதும், தப்பில்லை.

இந்தப் பட்டியலை இ-பேர்ட் என்ற இலவசச் செயலியில் பதிவு செய்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்துவது. உலகம் முழுவதும் உள்ளவர்கள் அதில்தான் பதிகிறார்கள். சந்தேகமான பதிவு வந்தால் அந்தப் பகுதியின் அனுபவசாலி ஒருவர் கேள்வி கேட்டு அனுப்புவார், கோபித்துக்கொள்ள வேண்டாம். இப்படி 30,000-க்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் கொடுத்த 3 கோடிப் பதிவுகளை வைத்துத்தான் 2023-ல் 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை வந்தது. 942 வகைகளை ஆராய்ந்து, 178 வகைகளுக்கு உடனடிக் கவனம் வேண்டும் என்று அது சொன்னது. வலசை வரும் கரையோரப் பறவைகள் வேகமாகக் குறைகின்றன. நம் கரிசல், செம்மண் காடுகளில் மின்கம்பி மேல் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் பனங்காடைகூடக் குறைந்துவருகிறது என்று கணக்கு காட்டியபோது பலருக்கும் அதிர்ச்சி. அதே அறிக்கையில் மயில் பெருகியிருக்கிறது. விராலிமலைக்காரர்களைக் கேட்டால் அதற்கு அறிக்கையே வேண்டாம் என்பார்கள்.

எந்த நாளில் என்ன?

அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரம், பள்ளிகளில் கூட்டம் நடத்த ஏற்ற நேரம். அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் தினம். அதே நாளில்தான் 'அக்டோபர் பிக் டே' என்று உலகம் முழுக்க 24 மணி நேரக் கணக்கெடுப்பும் நடக்கிறது. 15 நிமிடம் மொட்டைமாடியில் நின்று எழுதினாலும் அது கணக்கில் சேரும். நவம்பர் 12 பறவையியலாளர் சாலிம் அலி பிறந்தநாள்.

இடையில் பனை விதை. ஆடி, ஆவணியில் பழுத்து விழுந்த பனம்பழத்தின் கொட்டைகளைச் சேர்த்து, பெருமழைக்கு முன் கண்மாய்க்கரையில் ஊன்றுவார்கள். கரை அரிக்காது என்பது ஊருக்கு லாபம். தூக்கணாங்குருவிக்கும் பனை உழவாரனுக்கும் வீடு என்பது ஆர்வலர்களின் கணக்கு. பலன் தெரியப் பல வருஷம் ஆகும், அதனால் இதில் படம் எடுத்துப் போட்டுவிட்டு மறப்பவர்களே அதிகம். ஊன்றிய இடத்துக்கு அடுத்த வருஷம் போய்ப் பார்க்கும் குழுதான் நல்ல குழு.

தீபாவளி சமயத்தில் பக்கத்து மாவட்டத்து உதாரணம் ஒன்று எப்போதும் பேச்சில் வரும். 1977-ல் சரணாலயமான வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் இருக்கும் பறவைகளுக்காகப் பல தலைமுறையாக வெடி வெடிப்பதில்லை. எந்தச் சட்டமும் அவர்களை வற்புறுத்தவில்லை. புதுக்கோட்டையில் ஊர் முழுக்க அப்படிக் கேட்பது நடக்காத காரியம். கூடு உள்ள கண்மாய்க்கரையில் மட்டும் வேண்டாமே என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மழை ஓய்ந்த பிறகு ஜனவரியில் பெரிய வேலை. வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த ஈரநிலப் பறவைகள் கணக்கெடுப்புக்கு மாவட்ட வன அலுவலகங்கள் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. 2015-ல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பை ஆர்வலர்களே நடத்துகிறார்கள். அக்டோபரிலிருந்து பழகியவர்கள்தான் ஜனவரியில் கைகொடுப்பார்கள், நேரே ஜனவரியில் வந்து நிற்பவர்களுக்கு எல்லா வாத்தும் ஒன்றாகத்தான் தெரியும்.

செய்யக் கூடாதவை

கூட்டை நெருங்கக் கூடாது. கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு பொதுவில் போடக் கூடாது. போனில் குரலைப் போட்டுக்காட்டிப் பறவையை வரவழைப்பதும் ட்ரோன் பறக்கவிடுவதும் வேண்டாம். இரையோ ஓய்வோ தேடி நாலாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த பறவையை ஒரு போட்டோவுக்காக மறுபடி மறுபடி எழுப்பிவிடுவது எந்த வகை அன்பு என்று தெரியவில்லை.

வேட்டை விஷயத்தில் கூடுதல் கவனம். மழைக்காலத்தில் மடையான், கொக்கு, உள்ளான் வகைகளைக் கண்ணியும் வலையும் வைத்துப் பிடித்துச் சாலையோரம் விற்பது இன்னும் முழுசாக நிற்கவில்லை. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். 2023 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அட்டவணை ஒன்றில் உள்ள பறவை என்றால் தண்டனை இன்னும் கடுமை. ஆனால் தன்னார்வலர் போலீஸ் வேலை பார்க்கக் கூடாது. தகராறுக்குப் போகாமல் இடம், நேரம் குறித்து வனத்துறைக்குச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வதுதான் பாதுகாப்பு. விற்பவர் பெரும்பாலும் அன்றாடங்காய்ச்சி என்பதையும் மறக்க வேண்டாம். வாங்குபவர் நிறுத்தினால் விற்பவர் தானே நிறுத்துவார்.

குழு இல்லாத ஊரில் என்ன செய்வது?

முதலில் பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் துறையில் கேட்டுப் பாருங்கள், கண்மாய் சுற்றும் ஒருவர் அங்கே கட்டாயம் இருப்பார். வனத்துறை அலுவலகத்தில் கணக்கெடுப்புக்குப் பெயர் கொடுக்கலாம். யாருமே கிடைக்கவில்லை என்றால் இருவர் போதும். ஒரு கண்மாயைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை, அதே கரையில், அதே நேரத்தில், அரை மணி நேரம் எண்ண வேண்டும். பத்துக் கண்மாயை ஒருமுறை சுற்றுவதைவிட, ஒரே கண்மாயைப் பத்துமுறை பார்ப்பது நல்ல கணக்கு. பெயர் தெரிந்துகொள்ள ப.ஜெகநாதனும் ஆசையும் எழுதிய, க்ரியா வெளியிட்ட பறவைகள் அறிமுகக் கையேடு தமிழில் உண்டு. குரலை வைத்துப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியும் உதவும், அது சொல்வதை அப்படியே நம்பிவிடாமல் கண்ணாலும் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கண்மாய்க்கரையில் முதல் நாள் நிற்கும்போது ஊர்க்காரர்கள் வந்து விசாரிப்பார்கள். சர்வே எடுக்க வந்தவர்களா, நிலத்தைப் பிடிக்க வந்தவர்களா என்ற சந்தேகம் நியாயமானதுதான். பைனாகுலரை அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். மாடு மேய்க்கும் பெரியவருக்கு எந்தப் பறவை எந்த மாதம் வரும், எந்த மரத்தில் அடையும், எந்த வருஷத்திலிருந்து வரவில்லை என்பது நன்றாகத் தெரிந்திருக்கும். அவர் சொல்லும் பெயர் புத்தகத்தில் இருக்காது. அதையும் நோட்டில், தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நீர்ப்பறவைகளின் காலில் எண் பொறித்த உலோக வளையமோ, கலர் வளையமோ கட்டியிருப்பதை எப்போதாவது பார்க்க நேரலாம். கோடியக்கரை போன்ற இடங்களில் பறவைகளைப் பிடித்து வளையமிட்டு விடுவிக்கும் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வேலையாக அது இருக்கலாம், வேறு நாட்டில் கட்டியதாகவும் இருக்கலாம். பறவையைப் பிடிக்க முயல வேண்டாம். எந்தக் காலில், என்ன நிறம், என்ன எழுத்து என்று குறித்து, முடிந்தால் படம் எடுத்து, அந்தக் கழகத்துக்கு அனுப்பினால், அந்தப் பறவை எங்கிருந்து எப்போது கிளம்பி உங்கள் ஊர்க் கண்மாய்க்கு வந்தது என்ற விவரம் கிடைக்க வாய்ப்பு உண்டு.